பின்னல் ஊசிப் பாட்டி!

ஊர் ரொம்பச் சின்னது. ஒரு சர்ச், ஒரு தபாலாபீஸ், நாலைந்து கடை, சில பங்களாக்கள். யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் கொலை நடந்தால்?

அகதா கிறிஸ்டி கற்பனையில் கட்டிய இங்கிலாந்துக் கிராமம், செயின்ட் மேரி மீட். அங்கே குடியிருக்கும் மிஸ் மார்ப்பிள்தான் நம்ம ஹீரோயின். கல்யாணம் ஆகாத பாட்டி. துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. கையில் பின்னல் ஊசி, பறவை பார்க்கிற சாக்கில் ஒரு பைனாகுலர். அவ்வளவுதான்! முதல் நாவல் வந்தது 1930-ல். மொத்தம் 12 நாவல், 20 சிறுகதை.

பாட்டியின் டெக்னிக் சிம்பிள். புது ஆளைப் பார்த்ததும் உள்ளூர் ஆள் யாராவது ஞாபகத்துக்கு வருவார். இவன் முழிப்பதும் அந்தக் கடைப் பையன் முழித்ததும் ஒன்றாக இருக்கிறதே என்று யோசிப்பார். மனுஷ சுபாவம் எங்கேயும் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. புது இன்ஸ்பெக்டர்கள் சிரிப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் சிரிக்க மாட்டார்கள்.

வெறும் புதிர் மட்டும்தானா? இல்லை ஸார். 1942-ல் வந்த 'தி பாடி இன் த லைப்ரரி'யைப் பாருங்கள். கர்னல் பான்ட்ரி வீட்டு லைப்ரரியில், விடிந்ததும் ஓர் இளம்பெண்ணின் பிணம். அவள் யாரென்றே அவருக்குத் தெரியாது. ஊர் விடுமா? வம்பு றெக்கை கட்டுகிறது. விருந்து அழைப்புகள் நின்று போகின்றன. மனிதர் கூனிக் குறுகுகிறார். கொலைகாரன் அகப்படாவிட்டால் சாகிறவரை அந்தக் கறை போகாது. ஆபீஸ் கேஷில் ஐந்நூறு குறைந்தாலே நாம் ஒருத்தரை ஒருத்தர் முறைக்கிறோமே, அதே கதைதான்!

வம்பால் வந்த வினையை வம்பு கேட்டே தீர்க்கிறார் பாட்டி. அதுதான் ருசி.

1984-லிருந்து 1992-வரை பி.பி.சி. 12 நாவல்களையும் டி.வி.யில் எடுத்தது. மிஸ் மார்ப்பிளாக வந்த ஜோன் ஹிக்ஸனுக்கு ஆரம்பிக்கும்போதே வயது 78! 'ஒருநாள் நீங்கள் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும்' என்ற ஆசையை 1946-லேயே அவருக்குக் கடிதத்தில் தெரிவித்திருந்தார் கிறிஸ்டி.

எதிர் வீட்டு ஜன்னல் பாட்டி, "ஏம்ப்பா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். உங்கள் மேல் அபாண்டம் விழுகிற நாளில், "அந்தப் பிள்ளை எட்டரைக்கே வீட்டுக்கு வந்துடுச்சே!" என்று சாட்சி சொல்லப் போவது அவர்தான்!