கருப்பொருள் அலகுத் திட்டமிடலில் தொழில்நுட்பத் தேர்வு: ‘ஏரி’ அலகை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல நிலைக் கற்போர் அமர்ந்திருக்கும் வகுப்பிற்குக் கருப்பொருள் அலகைத் திட்டமிடும்போது, கருவியை முதலில் தேர்ந்துவிட்டு அதற்கேற்பப் பாடத்தை அமைக்கும் போக்கு காணப்படுகிறது. கற்போர் எதிர்கொள்ளும் தடையைக் கண்டறிந்த பின்னரே கருவியைத் தேர்தல் வேண்டும் என்பதை, நடுநிலை வகுப்பிற்குரிய ‘ஏரி’ என்னும் மாதிரி அலகைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கருப்பொருள் அலகு, பன்முகக் கற்போர், ஒருங்குறி, திரைபடிப்பான், மதிப்பீடு.

முன்னுரை

தமிழ், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றைத் தனித்தனியே நடத்தாமல், ஒரு பொருளை மையமாக வைத்து இணைத்துக் கற்பிப்பது கருப்பொருள் அலகு எனப்படும். (அகத்திணை மரபின் ‘கருப்பொருள்’ வேறு, கல்வியியலார் இச்சொல்லை ஆண்டுவருவதால் இங்கும் அது கொள்ளப்படுகிறது. எனினும் நிலத்தையும் உயிரையும் தொழிலையும் ஒரு தொகுதியாகக் காணும் அப்பழைய பார்வை இதற்கு முற்றிலும் அயலானதன்று.) தமிழகப் பள்ளிகளில் 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன, 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. ஆகவே காட்டுவதற்குக் காணொலி இல்லை என்பது இன்றைய சிக்கலன்று. எந்த மாணவருக்கு எதைத் திறந்துவிடுவதற்காக அது காட்டப்படுகிறது என்பதே வினா.

அமெரிக்காவின் காஸ்ட் நிறுவனம் வகுத்த ‘கற்றலுக்கான அனைவர்க்குமான வடிவமைப்பு’ என்னும் கோட்பாடு, ஈடுபாடு, பொருளை வழங்கும் முறை, கற்றதை வெளிப்படுத்தும் முறை ஆகிய மூன்றிலும் பல வழிகள் வேண்டும் என்கிறது. தடை மாணவரிடம் இல்லை, பாடத்தின் அமைப்பில் உள்ளது என்பது அதன் அடிப்படை. இக்கட்டுரை அந்நோக்கையே பின்பற்றுகிறது.

அலகின் மைய வினா

‘ஏரி’ என்பது தலைப்பு மட்டுமே, தலைப்பு அலகாகிவிடாது. ‘ஏரியைக் காப்பது யாருடைய பொறுப்பு?’ என்ற வினாவே பாடங்களை உண்மையில் இணைக்கிறது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையையும் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஊர்ச் சபை ஏரிக்கெனத் தனி வாரியம் வைத்திருந்த செய்தியை இன்றைய நிர்வாகத்தோடு ஒப்பிடுவது சமூக அறிவியல். நீர் ஆவியாதலும் வண்டல் படிதலும் அறிவியல். கரை, மதகு, கலிங்கு, மடை, வாய்க்கால் ஆகிய சொற்களைத் தம் ஊர் வழக்கோடு திரட்டுவது தமிழ்.

தடையும் கருவியும்

வாசிப்பில் பின்தங்கிய மாணவருக்குக் கல்வெட்டுச் செய்தியை எளிய நடையில் ஒலிப்பதிவாக வழங்கலாம். ஓர் அலைபேசி போதும். அதே அலைபேசியில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேச்சை அவர் இசைவுடன் பதிவு செய்து வருமாறும் பணிக்கலாம். அப்பேச்சை எழுத்தாக்கும் வேலையை மட்டும் செயலியிடம் ஒப்படைத்தல் ஆகாது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும்போதுதான் மாணவர் தமிழின் இரட்டை வழக்கை உணர்ந்து கற்கிறார். அந்த உழைப்பைக் கருவி எடுத்துக்கொண்டால் தமிழ்ப் பாடத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

பார்வைத்திறன் குறைந்த மாணவரைப் பொறுத்தவரை தடை பெரும்பாலும் ஆசிரியரின் கோப்பிலேயே இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி அமைந்தவை. அவற்றில் தட்டச்சு செய்த பாடம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், திரைபடிப்பான் மென்பொருளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. நூற்பக்கத்தை ஒளிவருடி உருவாக்கிய கோப்போ வெறும் படம். அதில் படிப்பதற்கு எழுத்தே இல்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைபடிப்பான் தமிழை ஒலிக்க வல்லது, ஆனால் கோப்பு ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்றுள்ளது. ஒரு வரியைப் படியெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினால், அது தமிழாகவே நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட இச்சோதனை அம்மாணவருக்குப் பயன்தரும் என்பது கட்டுரையாளரின் துணிபு.

செயற்கைக்கோள் படத்தில் ஏரியைக் காட்டும் பகுதி அவருக்கு எட்டாது. அவ்விடத்தில் களிமண்ணால் வளைந்த கரையும், அதில் பாசனத்திற்கான மதகும், மிகுநீர் வழியும் கலிங்கும் அமைத்துத் தொட்டறியச் செய்யலாம். நீர் ஊற்றிப் பார்த்தால், கலிங்கின் மட்டம் கரையின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதன் காரணம் வகுப்பு முழுவதற்கும் விளங்கும். படத்தில் அது விளங்குவதில்லை.

செவித்திறன் குறைந்தோருக்குக் காணொலியில் தமிழ் வரிகளைச் சேர்ப்பது தேவையே எனினும் அது மட்டும் போதாது. இந்தியச் சைகை மொழி தனக்கென இலக்கணம் உடையது. அதையே முதல் மொழியாகக் கொண்டவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழியாகிறது. ஆகவே கலைச்சொல், படம், சைகை மூன்றும் இணைந்த சிறு சொற்பட்டியலை அலகின் முதல் நாளிலேயே தருதல் வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அப்பட்டியல் உதவும். அவர்களின் தாய்மொழிச் சொல்லுக்கு ஒரு பத்தி கூட்டினால் போதும்.

மதிப்பீடு

வெளிப்பாட்டிற்குப் பல வழி தருவதென்றால் எல்லாவற்றிற்கும் எல்லா வழியும் தருவது என்று பொருளன்று. ஏரி வாரியத்தை இன்றைய நிர்வாகத்தோடு ஒப்பிடுவது நோக்கமாயின், எழுத்து, பேச்சு, சைகை, வரைபடம் எவ்வழியிலும் விடை ஏற்கத்தக்கது. பத்தி அமைத்து எழுதுவது நோக்கமாயின் ஒலிப்பதிவை ஏற்றல் அந்நோக்கத்தையே கைவிடுவதாகும். அங்கே பிரெயிலும் விசைப்பலகையும் கூடுதல் நேரமும் வழங்கத்தக்கவை. எனவே ஒவ்வொரு செயல்பாட்டிற்கும் எதிரே, எது மாறலாம், எது மாறலாகாது என்பதை அலகு தொடங்கும் முன்பே திட்டத்தாளில் குறித்துவைத்தல் வேண்டும். இணைய இணைப்பு நிலையற்ற பள்ளியாயின், ஒலிக்கோப்புகளை முந்தைய நாளே தரவிறக்கி வைப்பதையும் அத்தாளிலேயே சேர்க்கலாம்.