சர்வே சங்கிலி ஒரு கண்ணி நீண்டால்?

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் வரையில் தஞ்சைச் சீமையில் சர்வேயருக்கு ஓய்வு கிடையாது.

பயிர் நிற்கும்போது வயலில் சங்கிலி இழுக்க முடியுமா? அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு, காணாமல் போன கல் எல்லாம் இந்தச் சில மாதங்களில்தான் வந்து குவியும்.

சர்வேயர் வந்தால் குடும்பமே வரப்பில் நிற்கும். அவர் எங்கே கல் நடச் சொல்கிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவர் என்ன படித்துவிட்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

40 குழி எங்கே போனது?

பழைய சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். இழுத்து இழுத்து வளையம் விரியும். சங்கிலி ஒரே ஒரு கண்ணி அளவு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலம்கூட இல்லை. என்ன ஆகும்?

நம் கணக்கில் 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆக, வேலிக்கு 2,000 குழி. அந்தச் சங்கிலியால் அளந்தால் சுமார் 1,960 குழிதான் வரும். நீளத்திலும் குறையும், அகலத்திலும் குறையும். 40 குழி காகிதத்தில் மறைந்துவிடும்!

வயலை அளக்குமுன் சங்கிலியை அளந்து பார்க்க வேண்டும். சர்வேக்கு இது அரிச்சுவடி.

ஒரத்தநாட்டில் பள்ளிக்கூடம்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாடு இருக்கிறது. அரசாங்கத்தின் நில அளவைப் பயிற்சி நிலையம் அங்கேதான் உள்ளது. நெல் விளையும் ஊரிலேயே நிலம் அளக்கும் பாடம்!

வாய்க்கால் ஓரத்து வயல் சதுரமாகவா இருக்கிறது? கோணலும் மாணலுமாகக் கிடக்கிறது. அதை முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். மூலைக்கு மூலை ஒரு நீளக் கோடு. வரப்பு வளையும் இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு நேர் குத்தாக ஓர் அளவு. அடியை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் முக்கோணத்தின் பரப்பு வந்துவிடும். இந்த அளவுகளெல்லாம் புலப்படத்தில் ஏறும். நாளைக்கே ஒருவர் கல்லைப் பிடுங்கி எறிந்தாலும், படத்தைப் பார்த்து அதே இடத்தில் திரும்ப நடலாம்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. ராஜராஜ சோழன் காலத்தில் நிலம் அளந்த அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம்! முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. கீழ் முந்திரி அதிலும் 320-ல் ஒரு பங்கு. பாய் விரிக்கக்கூடப் போதாத அந்தத் துண்டையும் பெரிய கோயில் கல்வெட்டு விடவில்லை.

அறுந்தது கயிறு!

அதே பெரிய கோயிலில் 1808-ம் ஆண்டு ஒரு விபத்து நடந்தது. இந்தியாவை அளக்கப் புறப்பட்ட லாம்டன் துரை, அரை டன் எடையுள்ள கோணம் பார்க்கும் கருவியைக் கோபுரத்தின் மேல் ஏற்றினார். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிக் கோணிப் போனது. இன்னொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து நிமிர்த்தினார். அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார். கருவியின் உள்ளும் புறமும் தெரிந்தவரால்தான் அது முடியும்.

சர்வேயர்களை உருவாக்க 1794-ல் சென்னையில் தொடங்கிய பள்ளியில் முதலில் 8 மாணவர்களே. அதுதான் வளர்ந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று.

வேலை கிடைத்த பிறகும் பரீட்சை

தொழிற்பயிற்சி நிலையத்தில் சர்வே படித்தவர்களும், சிவில் டிப்ளமோ பெற்றவர்களும் தேர்வாணையப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வருகிறார்கள். வந்த பிறகும் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. துறைத் தேர்வு உண்டு. தேர்வாணையம் மே மாதமும் டிசம்பர் மாதமும் நடத்துகிறது.

சங்கிலியோடு வளர்ந்த சர்வேயரும் இப்போது மறுபடி மாணவராகிறார். வானத்துச் செயற்கைக்கோளிடம் இடம் கேட்டுச் சொல்லும் கருவி வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் எண் வரும். அந்த எண் பழைய புலப்படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால், பழைய வரப்புச் சண்டை புதிய கருவியோடு தொடரும்!

படித்தவரும் தவறலாம். 1923-ம் ஆண்டு சர்வே எல்லைச் சட்டப்படி எல்லை முடிவாகி உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.