குதிரை ஒத்துக்கொள்ளாத குதிரைக்காரர்

வைக்கோலும் ஆகாது, குதிரையும் ஆகாது, லாயத்துப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியும் கேட்காதவர் ஆஸ்திரேலியாவின் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் பார்ட் கம்மிங்ஸ். ஆஸ்துமாக்காரர் வேறு!

1950-ல் அப்பா ஜிம் பயிற்றுவித்த காமிக் கோர்ட், மெல்போர்ன் கோப்பையை வென்றது. அந்தக் குதிரையைப் பராமரித்தவர் மகன் பார்ட்தான். 1965-ல் அவருடைய சொந்தக் கணக்கு தொடங்கியது. இரண்டு மைல் ஓட்டம். கடைசியில் அவருடைய குதிரை லைட் ஃபிங்கர்ஸ் மயிரிழையில் முந்தியது. தோற்றுப்போன ஸீமா யார் வளர்ப்பு? அதுவும் அவர் லாயத்துக் குதிரையேதான்.

2008-ல் அவருடைய குதிரை வியூட் வென்றது. அதுவும் மூக்கு நுனி வித்தியாசம். படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். கம்மிங்ஸுக்கு அது 12-வது கோப்பை. வயது 81 ஆக, பத்து நாள் பாக்கி.