மடியும் ஆசனமும்

பிள்ளையை மடியில் வைத்துப் பிரயாணம் செய்வது நம்மவர்க்குப் பரம்பரை வழக்கம். மாட்டு வண்டியில் தொடங்கிய அவ்வழக்கம் புகையிரதத்திலும் பஸ் வண்டியிலும் தொடர்ந்து, இன்று ஆகாய விமானம் வரை வந்து சேர்ந்துள்ளது. தாயின் மடியிலும் பத்திரமான இடம் வேறு யாதுளது என்று கேட்போர் பலர். நானும் அவ்வாறு கேட்டவனே. கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் மகள், இரண்டு வயது நிரம்ப ஒரு மாதமே இருந்த தன் பெண் குழந்தையுடன் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஊருக்கு வருவதாக அறிவித்தாள். குழந்தைக்கும் தனிச் சீட்டு வாங்கியிருப்பதாகவும், காரில் பொருத்தும் குழந்தை ஆசனத்தை விமானத்துக்குள்ளும் கொண்டுவரப் போவதாகவும் சொன்னாள். வீண் செலவு என்று நான் கடிந்துகொண்டேன். அக்கடிதல் சரியன்று என்பதை உணர்ந்த பின்னரே இப்பேச்சை எழுதத் துணிந்தேன்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் பெற்றோர் மடியில் வைத்து விமானத்திற் செல்லலாம் என்பது பொதுவாக உள்ள விதி. அதற்குரிய கட்டணமும் பெரியவர் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே. ஆயின் அனுமதி என்பது வேறு, பாதுகாப்பு என்பது வேறு. நான் கலைப் பட்டதாரி. கணக்கில் எனக்கு அத்துணைத் துணிவில்லை. ஆகவே எங்கள் பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியரை அணுகினேன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இது: மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் எதிலேனும் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் பொருள் ஒவ்வொன்றும் தன் நிறையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விசையுடன் முன்னே பாயும். பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தை அக்கணத்தில் இருநூறு கிலோவாகிறது. அதாவது நான்கு மூட்டை அரிசி. எந்தத் தாயின் கை அதனைப் பற்றி நிறுத்தும்? அன்பில் குறையில்லை, கையில்தான் வலுவில்லை.

இது கரும்பலகைக் கணக்கு மாத்திரம் அன்று. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, அமெரிக்காவில் டென்வர் நகரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த யுனைட்டட் விமானம் ஒன்றின் வாற்புற இயந்திரம் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் யாவும் செயலிழந்தன. சூ சிற்றி என்னும் ஊரில் இறங்க முயல்கையில் அது தரையில் மோதி உடைந்தது. அதிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். மடியில் வைத்திருந்த குழந்தைகள் நால்வர். அவர்களைத் தரையில், தாய் தந்தையரின் காலடியில், போர்வை தலையணைகளுக்கு இடையே கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பணிப்பெண்கள் கூறினர். அக்காலத்து முறை அதுவே. மோதிய வேகத்தில் குழந்தைகளிற் சிலர் பெற்றோர் கையை விட்டுப் போயினர். ஒரு பெண் சிசுவின் அழுகுரலைக் கேட்ட பிரயாணி ஒருவர் புகைக்குள்ளே திரும்பிச் சென்று அதனை மீட்டார். இரண்டு வயது நிரம்பாத ஒரு சிறுவன் இறந்தான். அவன் தாய் பிழைத்தாள். தலைமைப் பணிப்பெண்ணாக இருந்த ஜான் பிரவுன் என்னும் அம்மையார், மகனைத் தேடி எரியும் விமானத்துக்குள் மீண்டும் புக முயன்ற அத்தாயை வாசலில் தடுக்க நேர்ந்தது. தரையில் கிடத்துமாறு சொன்னவரும் அவரே. அதன்பின் அவ்வம்மையார், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆசனம் கட்டாயமாக வேண்டும் என்று பல்லாண்டு காலம் வாதாடினார்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் 1990இல் அவ்வாறே பரிந்துரைத்தது. எனினும் அந்நாட்டு விமான நிர்வாகம் 2005இல் அதனைச் சட்டமாக்குவதில்லை என முடிவு செய்தது. அதற்கு அவர்கள் காட்டிய நியாயம் சிந்திக்கத்தக்கது. குழந்தைக்கும் சீட்டு வாங்க வேண்டுமெனில் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரிற் செல்லும். வானத்தைவிடத் தெருவில் அபாயம் மிக அதிகமாதலால், மொத்தத்தில் இறக்கும் குழந்தைகளின் தொகை கூடும் என்றனர். எனினும் ஆசனத்தைப் பயன்படுத்துமாறு அவர்கள் இன்றும் வற்புறுத்துகின்றனர்.

விபத்து அரிது என்று ஒதுக்கினாலும், காற்றின் குலுக்கலை ஒதுக்க முடியாது. 2024ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியன்மார் நாட்டுக்கு மேலே பறக்கையில் சில விநாடிகளுக்குள் மேலும் கீழுமாக வீசப்பட்டது. பட்டி அணியாதிருந்தவர்கள் ஆசனத்தை விட்டு எழும்பினர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். மடிக் குழந்தைக்கு ஏது பட்டி? ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தாயின் பட்டியோடு கோத்த சிறு வளையப் பட்டி ஒன்றைத் தருவர். அது குழந்தை பறந்து போகாமல் தடுக்கும். ஆனால் பெரும் மோதலில் முன்னே மடியும் தாயின் உடல் குழந்தையை நெரிக்கும். அமெரிக்காவில் அதனை அனுமதிப்பதில்லை. முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலும் தூங்குவதற்கே உரியது. ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இனி, ஆசனத்தைத் தெரிவு செய்யும் விதம். கடையில் விற்கும் ஆசனங்களெல்லாம் விமானத்துக்கு ஏற்றவையல்ல. விமான இருக்கையில் உள்ளது இடுப்புப் பட்டி ஒன்றே. காரில் உள்ள தோள்பட்டியும், ஐசோபிக்ஸ் எனப்படும் இரும்புக் கொளுக்கிகளும், ஆசனத்தின் உச்சியிலிருந்து பின்னே இழுத்துக் கட்டும் வாருக்குரிய வளையமும் அங்கில்லை. எனவே இடுப்புப் பட்டி ஒன்றினால் மட்டும் இறுக்கிக் கட்டக்கூடிய ஆசனம் எதுவோ, அதுவே விமானத்துக்கு ஆகும். இதை ஒன்றை மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரித்தானியாவில் விற்கும் பல ஆசனங்கள் ஐசோபிக்ஸ் கொளுக்கியையும், வாகனத் தரையில் ஊன்றும் காலையும் நம்பியவை; விலை உயர்ந்தவையாயினும் விமானத்துக்குதவா. அவுஸ்திரேலிய ஆசனங்கள் உச்சி வாரை நம்பியவை. அங்கிருந்து வருவோர் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்பது அவசியம். பிள்ளையைச் சற்று உயர்த்தி வைக்க மட்டும் உதவும் பூஸ்டர் என்னும் ஆசனத்துக்குத் தோள்பட்டி இன்றியமையாதது; ஆகவே அதுவும் விமானத்துக்கு ஆகாது.

அமெரிக்காவில் விற்கும் ஆசனமாயின், மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் ஏற்றதெனச் சான்று கூறும் வாசகம் சிவப்பு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கனடாவில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரையைத் தேட வேண்டும். விமானப் பணியாளர் ஐயுற்றால் காட்ட வேண்டியது இச்சீட்டையே. ஆதலின் அதனைக் கிழித்தெறிதல் கூடாது. அடுத்தது அகலம். 16 அங்குலத்துக்கு உட்பட்ட ஆசனம் பெரும்பாலான விமான இருக்கைகளில் அடங்கும். கடைக்கு அளவுநாடா கொண்டு செல்வதில் வெட்கம் வேண்டாம். நிறையும் முக்கியம். நான்கு கிலோவில் ஒன்றும் பத்துக் கிலோவுக்கு மேல் ஒன்றும் உண்டு. இரு விமானங்கள் மாறி ஓடும் தாய்க்கு அவ்வேறுபாடு நன்கு தெரியும்.

ஒரு வயது நிரம்பி, 10 முதல் 20 கிலோ வரை நிறையும் 40 அங்குலத்துக்கு உட்பட்ட உயரமும் உள்ள பிள்ளைகளுக்குக் கெயர்ஸ் என்றொரு வார்த் தொகுதி உண்டு. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி இரு தோள்களையும் அணைப்பது, கைப்பையில் அடங்கும். ஆயினும் காரில் அதனைப் பயன்படுத்த முடியாது. இறங்கிய இடத்தில் வேறு ஆசனம் காத்திருந்தாலொழிய அது அரைத் தீர்வே.

நம்மவர் குடும்பங்களில் ஒருவர் பிள்ளையின் ஆசனத்தை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுக்கும் நல்ல வழக்கம் உண்டு. கொடுப்பவர் நெருங்கிய உறவினராயின், அது விபத்தில் அகப்பட்டதா என்பதைக் கேட்டறியலாம். அகப்பட்டதாயின் ஏற்கக் கூடாது. அடியிலே காலாவதித் திகதியும் பொறிக்கப்பட்டிருக்கும். கொழும்பில் வாங்கி மெல்பேணிலுள்ள பேரனுக்கு அனுப்ப எண்ணும் பாட்டனார் அவ்வெண்ணத்தைக் கைவிடுவது நல்லது. தம் நாட்டுத் தரமுத்திரை இல்லாத ஆசனத்தை அவுஸ்திரேலியத் தெருக்களில் ஏற்கார்.

விமானத்தில் இவ்வாசனத்துக்குரிய இடம் சன்னலோரம். அவசர வாயில் வரிசையும் அதன் முன்பின் வரிசைகளும் ஆகா. பிறர் தப்பியோடும் வழி மறிபடலாகாது. சிறு குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்த வேண்டும். அப்போது முன்னிருப்பவர் தம் இருக்கையைச் சாய்க்க இயலாது. அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை இதமாகச் சொல்லிவிட்டால் பல மணி நேரச் சச்சரவு மிச்சம். மாரிகாலக் கனத்த மேலங்கியுடன் குழந்தையைக் கட்டுதல் தவறு. அங்கி அமுங்க வார் தளரும்.

இவ்வளவும் கட்டுநாயக்கா வரையில். அதன்பின் யாழ்ப்பாணத்துக்கு ஏழெட்டு மணி நேரத் தெரு இருக்கிறது. வானத்தைவிடத் தெருவே அபாயம் என்றார்கள் அல்லவா? நான் கொண்டு சென்ற வாடகை வானின் பின்னாசனத்தில் பட்டியைக் காணவில்லை. மகள் ஏற மறுத்தாள். நள்ளிரவில், களைத்த உறவினர் சூழ, எனக்குக் கோபமே வந்தது. கடைசியில் சாரதித் தம்பி ஆசன உறையைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே மடித்துச் செருகப்பட்டபடி ஓர் இடுப்புப் பட்டி கிடந்தது. வானும் பழையது, தோள்பட்டி இல்லை. ஆனால் விமானத்துக்கென்று தெரிவு செய்த ஆசனமாதலால் அது அவ்விடுப்புப் பட்டியிலேயே இறுகப் பொருந்தியது.

வழியில் குழந்தை சிணுங்கியபோது என் மனைவி மடியில் தருமாறு கேட்டார். "வண்டி நின்றதும் உங்கள் மடியில்தான் இருப்பாள் அம்மா, ஓடும்போது மட்டும் வேண்டாம்" என்றாள் மகள். பாட்டியின் முகம் வாடியது. புளியங்குளத்தைத் தாண்டி விடியற்காலையில் மாடு ஒன்று தெருவுக்குக் குறுக்கே வந்தது. சாரதி பிறேக்கை மிதித்தார். என் மூக்குக் கண்ணாடியும் மனைவியின் கைப்பையும் முன்னாசனத்தடியிற் கிடந்தன. மனைவியின் முழங்கை முன்கம்பியில் அடிபட்டு வீங்கியது. குழந்தை கண் விழித்துப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கினாள். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தியபோது அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட பாட்டி, வான் புறப்படுமுன் தாமாகவே ஆசனத்தில் அமர்த்தி, வாரையும் தாமே பூட்டினார்.

சனவரியில் அவர்கள் திரும்பும்போது பேர்த்திக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. இரண்டு நிரம்பினால் திரும்பும் வழிக்குத் தனிச் சீட்டு எப்படியும் வேண்டும் என்பதை, போக்குவரத்துச் சீட்டு எடுக்கும் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர். அம்முறை வான்காரரிடம் நான் முன்னதாகவே தொலைபேசியிற் பேசி, பின்னாசன உறையைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.