அரிசி ஆலையில் பிறந்த ஆராய்ச்சிச்சாலை

குறுவை நெல் களத்திற்கு வரும் காலமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலமும் ஒன்றாயிருப்பது காவிரிப் பாசனத்து உழவருக்கு வாய்த்த பழைய சங்கடம். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பெற்று நாற்றுவிட்டால், குறுகிய வயதுடைய நெல் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ அறுப்புக்கு வரும். அப்பொழுதுதான் வானமும் கறுக்கும். ஈரத்தின் கொடுமையை நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிய வேளையில் தூறல் விழுந்தால் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிவார்கள். பாவையாவது சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். ஐம்பது மூட்டை ஈர நெல்லை எங்கே கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று, நம் மாவட்டத்துக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றினாலேயே தொடங்கப்பெற்றது என்பதை இன்று அங்கத்தினர்களில் அநேகர் அறியார். அதன் வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறோம்.

1960-களின் தொடக்கத்தில் இந்திய அரசு, தீவிர வேளாண்மைத் திட்டத்தை நடத்தத் தேர்ந்தெடுத்த முதல் மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. அன்று நாகப்பட்டினமும் திருவாரூரும் தஞ்சை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. அப் பத்தாண்டின் நடுவில், 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் இரகத்தை வெளியிட்டது. கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் நம் நாட்டு நெல்லையும், நோரின் 10 என்னும் ஜப்பானிய நெல்லையும் இணைத்துப் பெற்ற கலப்பு அது. ஏறக்குறைய 105 நாளில் விளைந்தது, உரத்தை ஏற்றுக்கொண்டது, கண்டுமுதல் மிகுந்தது. ஒருபோகம் விளைந்த நிலங்களில் குறுவையும் தாளடியுமாக இருபோகம் ஏறிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 8 உலகெங்கும் பேசப்பட்ட 1966-ஆம் ஆண்டிலேயே தஞ்சை உழவர் தம் ஆடுதுறை நெல்லைப் பெருவாரியாகப் பயிரிட்டனர்.

ஆனால் நெல் அதிகரித்ததும் மழையில் அகப்படும் நெல்லும் அதிகரித்தது. முற்றிய மணிக்குச் சில நாள் உறக்கம் உண்டு; அந்த உறக்கம் உள்ள வரை ஈரம் பட்டாலும் அது முளைக்காது. ஏ.டி.டி. 27-க்கு இவ்வுறக்கம் போதாது. மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளை கண்டது. ஈரத்தோடு குவித்த நெல்லோ மூச்சுவிட்டு, சூடேறி, பூசணம் பிடித்து, அரிசி பழுப்பாயிற்று. வயலில் வென்ற விஞ்ஞானம் களத்தில் தோற்றது என்றே சொல்லவேண்டும். விளைச்சலை மட்டும் எண்ணி அறுவடைக்குப் பின் நடப்பதை மறக்கும் வழக்கம் அந்நாளில் எல்லா நாடுகளிலும் இருந்ததே.

இந்த இழப்பு முதலில் விழுந்த இடம் நெல் வாங்கியவரின் கிடங்கு. தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனம் திருவாரூரில் நவீன அரிசி ஆலை ஒன்றை நடத்திவந்தது. அங்கத்தினர் கொண்டுவந்த ஈர நெல்லைத் திருப்பியனுப்பவும் இயலாது, வைத்திருக்கவும் இயலாது. 1967-இல் அவ்வாலையின் வளாகத்திலேயே சிறியதோர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்கப்பெற்றது. அதை வழிநடத்தியவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். நாடறிந்த விஞ்ஞானி ஒருவர், ஓய்வுக்குப் பின் திருவாரூர் ஆலை ஒன்றில் ஈர நெல்லோடு உட்கார்ந்தார் என்பதை நாம் பெருமையாகவே கருதுகிறோம்.

மேல்நாட்டில் ஈரத் தானியத்திற்கு மருந்து ஒன்றே: எண்ணெய் எரித்து வெப்பக் காற்றூட்டும் உலர்த்தி. நூற்றுக்கணக்கான ஏக்கர் உடையவனுக்கு அது பொருந்தும். பத்து மூட்டை நெல்லோடு மழையில் நிற்பவனுக்கு அது ஆகுமா? திருவாரூரில் அவர்கள் எடுத்த பொருள் நம் அடுக்களையில் உள்ளது: சாதாரண உப்பு. மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் அது நீர்விட்டுச் சுருங்குவதை நம் வீட்டுப் பெண்டிர் யாவரும் அறிவர். அதே இயல்பால் நெல்லின் ஈரத்தையும் உப்பு வெளியே இழுக்கும். முளையையும் பூசணத்தையும் தடுக்கும். வெளிவந்த ஈரத்தை உறிஞ்ச உமி. இவ்விரண்டையும் கலந்து வைத்தால் வெயில் காணும் வரை நெல் கெடாது நிற்கும் என்று காட்டினர். இது உலர்த்துவதற்கு ஈடான முறையன்று. நாள் கடத்தும் உபாயமே. விதை நெல்லுக்கு ஆகாது என்பதும் சொல்லாமலே விளங்கும். முளையைத் தடுக்கும் பொருளை விதையில் கலப்பாருண்டோ?

நெல் புழுக்குவதிலும் அவர்கள் கை வைத்தார்கள். பழைய முறையில் தொட்டியில் இரண்டு மூன்று நாள் குளிர்நீரில் ஊறும் நெல் புளித்து நாறும். அந்த நாற்றம் சோற்றிலும் வரும். மைசூர் நிலையத்தார் ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து இதைத் தீர்த்தார்கள். திருவாரூரார் அழுத்தத்தோடு நீராவி செலுத்தி நேரத்தை இன்னும் குறைத்தார்கள். அரிசியின் நிறம் சற்று ஆழ்ந்துவிடுவது இதன் குறை. ஊறும் நீரில் குரோமேட் உப்பைச் சிறிதளவு சேர்த்து நாற்றத்தைப் போக்கும் முறை ஒன்றையும் ஆராய்ந்தார்கள். குரோமேட் நஞ்சு. உண்ணும் பொருளில் அதைச் சேர்ப்பதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். விஞ்ஞானக்கூடத்திலிருந்து வருவதெல்லாம் களத்திற்கு உகந்ததல்ல என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நன்று.

பின்னர் அக்கூடம் நெல் பதன்செய் ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயர் பெற்றது. சம்மேளனத்தின் கையிலிருந்து மத்திய அரசின் பொறுப்புக்கு மாறிற்று. தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலைக்குப் பெயர்ந்தது. பெயர்களும் பலமுறை மாறின. 2021-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிலையமாயிற்று. பல்கலைக்கழகம் போலவே தானே பட்டமளிக்கிறது. நெல்லோடு சிறுதானியம், பழம், காய்கறி எனப் பலவும் அங்கே ஆராயப்படுகின்றன. வளர்ச்சிதான், மகிழ்கிறோம். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். ஆலையோடு ஒட்டியிருந்த நாளில் கேள்வி தானே வந்து வாசலில் நின்றது, மூட்டையிலிருந்து நீர் சொட்ட. இன்று கேள்வியை நாம் எடுத்துச் சென்றாலன்றி அங்கே போய்ச் சேராது.

கேள்வியோ தீரவில்லை, புதிய வடிவம் கொண்டிருக்கிறது. முன்பு அறுத்த தாள் கட்டாகி, போராகி, அடித்துத் தூற்றும் முன் ஓரளவு காய்ந்தது. இப்பொழுது அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அறுத்து அடித்துக் கொட்டிவிடுகிறது. வயலின் ஈரம் அத்தனையும் மணியோடு வருகிறது, சாலையோரமே களம். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு நூற்றுக்கு 17. மழைப் பருவத்தில் இதைத் தளர்த்தக் கோரி மாநிலத்திலிருந்து விண்ணப்பம் போகும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். உத்தரவு வருவதற்குள் குவியல் முளைத்துப் பசேலென்று நிற்பதும் உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிய மழை பெய்தபோது சம்பா, தாளடி நெல்லும் இவ்வாறே அகப்பட்டது.

இங்கே ஒரு கணக்கு. 24 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 76 கிலோ. 17 பங்கு ஈரத்திற்குக் காயவைத்தால் எடை ஏறக்குறைய 91½ கிலோ. குறைந்த 8½ கிலோவும் தண்ணீரே. நெல்லில் ஒரு மணியும் போகவில்லை. ஆயினும் நம் அங்கத்தினர் அதை நெல் நட்டமென்றே எண்ணி, ஈரத்தோடு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். வியாபாரிக்கு இக்கணக்கு நன்றாகத் தெரியும். அவர் 8½ கிலோவோடு நிறுத்திக்கொள்வதை நாம் அதிகம் கண்டதில்லை.

நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் உரக் கையிருப்புக்கு ஏடு உண்டு, சாக்குக்கு ஏடு உண்டு. ஈரத்துக்கு ஏடு இல்லை. ஒவ்வொரு சங்கமும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, அங்கத்தினர் நெல்லை நிலையத்திற்கு ஏற்றுமுன் தானே அளந்து குறித்துவைக்கலாம்: இரகம், அறுத்த நாள், அறுத்த வேளை, முதல்நாள் மழை, கையறுப்போ இயந்திரமோ, அளவு. குவியலின் மேற்புறத்தில் மட்டும் அளப்பது பயனற்றது. நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுத்துக் கலந்து அளக்கவேண்டும். மூன்று குறுவை இவ்வாறு எழுதி, பத்துச் சங்கங்களின் ஏடுகளை ஒன்றுசேர்த்துப் புதுக்கோட்டைச் சாலைக்கு எடுத்துச் சென்றால், அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் எந்த இரகம் எத்தனை நாள் தாங்கும், ஊர்க்களத்திற்கு எவ்வளவு பெரிய உலர்த்தி போதும், அதற்கு உமியே எரிபொருளாகுமா என்று கணக்கிடத் தொடங்கலாம். வரும் ஐப்பசிக்குள் ஏடு தொடங்க விரும்பும் சங்கங்களுக்கு, பத்திகள் கோடிட்ட மாதிரித் தாள் ஒன்றை நாமே எழுதித் தருவோம்.