வான் வைத்துக் கட்டியவர்கள்

கண்டி வீதியில் புளியங்குளத்தைக் கடந்து மாங்குளத்தை நோக்கிச் செல்லும் பிரயாணி ஒருவன், காடும் வயலும் மாறி மாறித் தோன்றும் அந்த நெடும்பாதையில் கனகராயன்குளம் என்ற பெயர்ப்பலகையைக் காணும்போது, மென்பொருள் என்னும் நவீன சாஸ்திரத்தைப் பற்றி நினைப்பதற்கு யாதொரு நியாயமும் இல்லைதான். ஆயினும் இவ்வூருக்கு வடக்கே அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், தெற்கே பம்பைமடுவில் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் கணினிக் கல்வி உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், சிறந்த மென்பொருட் பொறியியலாளனின் இலட்சணம் யாதென்று கேட்டால், கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கணினி மொழிகளின் பெயர்களை அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கோ குளத்தின் வானே ஞாபகத்துக்கு வருகிறது.

வன்னியில் வான் என்பது ஆகாயத்துக்கு மட்டும் உரிய பெயரன்று. குளத்து நீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுமாயின், குளக்கட்டை உடைக்காமல் தானே வழிந்தோடும்படி விடப்பட்ட தாழ்ந்த வழிக்கும் அதுவே பெயர். கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். வயலுக்கு நீர் திறந்துவிடும் துருசின் உபகாரத்தைக் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் கமக்காரன் அறிவான். வானோ வருஷத்தின் பெரும்பகுதியில் புல் முளைத்துச் சும்மா கிடக்கும். அதைக் கட்டியவனை ஒருவரும் புகழ்வதில்லை. தன் குளம் கொள்ளாத அளவு மழை ஒருநாள் பெய்யும் என்று, வானம் தெளிந்திருந்த காலத்திலேயே எண்ணிப்பார்த்தவனுடைய விவேகம் அது; மென்பொருள் எழுதுகிறவனிடமும் நான் முதலில் தேடுவது அதையே.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியன் 5 ரொக்கெட்டு தன் முதற் பிரயாணத்தை ஆரம்பித்து, நாற்பது விநாடி அளவில் வானத்திலேயே சிதறிப்போயிற்று. முந்திய ஏரியன் 4இல் குறைவின்றி வேலைசெய்த மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் புதிய ரொக்கெட்டில் வைத்திருந்தார்கள். அதிலே, 64 பிற்றில் எழுதப்பட்ட வேகக் கணக்கு ஒன்றை, 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிற்றுப் பாத்திரத்தில் வார்க்கும் இடம் ஒன்று இருந்தது. பழைய ரொக்கெட்டின் வேகம் அந்த எல்லையை ஒருநாளும் தொட்டதில்லை. புதியதோ தொட்டுத் தாண்டியது. இப்படி ஆபத்துக்கு இடமான ஏழு கணக்குகளில் நான்குக்குக் காவல் வைத்து, மூன்றுக்கு அவசியமில்லை என்று விட்டிருந்தார்கள் என்பதும், துணைக்கென வைத்த இரண்டாவது கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் அதே குறையால் முதலில் விழுந்தது என்பதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தன. எல்லாவற்றிலும் பரிதாபம், ரொக்கெட்டு நிலத்தைவிட்டுக் கிளம்பிய பின்னர் அந்தக் கணக்கினால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமே இருக்கவில்லை. சிறு ஓடைக்குக் கட்டிய குளத்தை வானில்லாமல் பேராற்றுக்குக் குறுக்கே தூக்கி வைத்த கதைதான்.

மறுபக்கமும் உண்டு. 1969 ஜூலை 20ஆந் திகதி அப்பலோ 11இன் இறங்குகலம் சந்திரனை நெருங்கிக்கொண்டிருக்கையில், அதன் கணினி தன்னால் தாங்கமுடியாத வேலை சேர்ந்துவிட்டது என்று 1202 என்ற எண்ணைக் காட்டி அபாய அறிவிப்புச் செய்தது. அது நின்றுபோகவில்லை, முக்கியமல்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியவற்றை மாத்திரம் மறுபடி தொடங்கி நடத்திக்கொண்டது. அப்படிப்பட்ட நெருக்கடி வரக்கூடும் என்று மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முன்கூட்டியே எண்ணி எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பறப்பு மென்பொருட் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹமில்டன் என்ற பெண்மணி. அன்றைக்கு வான் பாய்ந்தது, கட்டு நின்றது.

இதெல்லாம் ரொக்கெட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு சாதாரண விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரை நிரப்பாவிடின் மேலே செல்லவிடாத படிவத்தின் முன்னால், தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்து வாழ்கிற தமிழன் என்ன செய்வான்? பிறப்புச் சான்றிதழின் இலக்கம் கட்டாயம் என்று எழுதியவன், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் உயிரை மாத்திரம் கொண்டு வெளியேறிய வன்னிக் குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதியிருப்பானா? நம்முடைய கனகராயன்குளத்தின் பெயரையே ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலுள்ள ககரத்தை ஒருவர் கே என்றும் இன்னொருவர் ஜீ என்றும் எழுதுகிறார்கள். தேடுபொறி இதை அறியாதிருந்தால், இருக்கிற ஊரும் இல்லாத ஊராகிவிடும். ஊருக்கு வருவது ஆளுக்கும் வரும்.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் முல்லைத்தீவையும் நாட்டின் ஏனைய கரைகள் பலவற்றையும் அழித்த சில நாள்களுக்குள், இலங்கையின் கணினித் துறையினர் பலர் ஊதியமின்றிக் கூடி, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்வதற்கு ஒரு மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹன’ என்ற பெயரை அதற்கு இட்டார்கள். அதன் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தும்படி திறந்தே வைத்தமையால், அடுத்த வருஷம் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அது அங்கும் உதவிற்று. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குச் சமூக நன்மைக்கான விருதை அளித்தது. அழகான நிரல் எழுதினார்களா என்று நான் அறியப் போகவில்லை. தம்முடைய கையைவிட்டுப் போனபின்னும் வேறொருவன் கையில் அது ஓடும்படி எழுதினார்கள் என்பதே என் மனத்தைக் கவர்ந்தது.

பிறர் எழுதியதை வாசிக்கும் பொறுமையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன், முதல் வாரத்திலேயே பழைய நிரலைக் குப்பை என்று தீர்ப்பளித்து, அனைத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்பான். இளமையின் தோஷம், எனக்கும் இருந்தது. குளக்கட்டிலே காரணமின்றிக் கிடப்பதுபோலத் தோன்றும் ஒரு கல்லைப் பெயர்த்தெடுக்குமுன், அதை அங்கே வைத்தவன் எந்த வருஷத்து வெள்ளத்தைக் கண்டு வைத்தானோ என்று விசாரிக்கிறவன் நல்ல பொறியியலாளன் ஆவான். தன் பிழையைப் பிறர் காட்டும்போது ஏற்பதும் அந்தப் பொறுமையின் பாகமே. தன்னுடைய நூல்களில் பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கெல்லாம் 2.56 டொலருக்குக் காசோலை எழுதி அனுப்பி வந்த டொனால்ட் கனூத் என்ற கணினிப் பேரறிஞர், அதனால் மதிப்பில் குறைந்துவிடவில்லை.

எழுதி முடித்த நிரலை ஒப்படைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்பது நகரத்து அலுவலகங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. இங்கே மார்கழி மழை விடாது கொட்டும் இரவுகளில், கனகராயன் ஆறு இரணைமடுவை நோக்கி இரைந்து ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, யாராவது ஒரு கமக்காரர் சாக்கைத் தலையில் போட்டு, ரோர்ச் லைற்றுடன் குளக்கட்டின்மேல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் நின்று, “இன்னும் ரெண்டடி கிடக்கு, பயமில்லை, படுங்கோ” என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, தான் மாத்திரம் திண்ணையில் விழித்திருப்பார்.