கியர் பொக்ஸ் பிழைக்கு வண்டியைக் கூப்பிட்டால்

விற்ற மோட்டார் சைக்கிளில் பிழை கண்டு கம்பெனியே திரும்பக் கூப்பிடுவதை ‘ரிகோல்’ என்பார்கள். 2015 மொடல் யமஹா ஆர்1 வண்டிக்கு அமெரிக்காவில் இப்படி நடந்தது. கியர் உடையலாம் என்று தெரிந்ததும் கியர்த் தொகுதியையே காசில்லாமல் மாற்றினார்கள். அது பெரிய வண்டி, ஆனால் முறை ஒன்றுதான். ஓடும்போது கியர் உடைந்து பின்சில்லு இறுகினால், நம்ம மலை ரோட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடிதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவர் பேருக்கே போகும். கைமாறி வாங்கியவர்கள் காத்திருக்க வேண்டாம். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் அடித்திருக்கும் செசி நம்பரை எழுதிக்கொண்டு போய் ஏஜன்சியில் கேளுங்கள். மொடல் ஒன்றானாலும் நம்பரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதற்கு முன் பக்கத்துக் கராஜில் கழற்றினால் வீண் வாக்குவாதம் வரும். வேலை முடிந்ததும் எழுத்தில் வாங்குங்கள்.

‘இப்ப நல்லாத்தானே ஓடுது’ என்று தள்ளிப்போடுகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.